ஒரே தடவை அழுத்துகிறவள்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டாக்டர் வருவார். அம்மாவோடு பத்து நிமிடம் பேசுவார். பிறகு அவளை மூன்றாவது மாடிக்கு மாற்றும் தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தப் பராமரிப்பு இல்லத்தில் மூன்றாவது மாடி என்பது ஞாபகம் தப்பியவர்களுக்கான மாடி. கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். பேனா, கத்தரிக்கோல், ஊசி எதையும் கையில் தரமாட்டார்கள். மேலே போன யாரும் கீழே இறங்கி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மாவை மேலே தள்ளிவிடப் போதுமான சாட்சி சொன்னவள் நான்தான். அப்போது அதைச் சாட்சி என்று நினைக்கவில்லை. கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பெனி எங்களுடையது. அந்த இல்லத்தின் நாற்பது படுக்கைகளுக்கும் அழைப்புப் பொத்தான் செய்து கொடுத்தது நாங்கள். படுக்கைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர், மேலே ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு. பொத்தானை அழுத்தினால் வைஃபை வழியாக நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அங்கே மணி ஒலிக்கும், திரையில் படுக்கை எண்ணும் நேரமும் பதிவாகும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல இங்கே பத்து விநாடி பச்சை எரியும். பெட்டிக்குள் ஓடுகிற நிரலும் மேசையில் ஓடுகிற நிரலும் நான் எழுதியவை. ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சாலிடர் வேலையெல்லாம், நாங்கள் ஈயம் என்றே கூப்பிடுகிற பையன் பார்த்துக்கொள்வான். அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அம்மா ஐந்து வாரத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு ஏற நாற்பத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது. காலை ஊன்றி நடக்கிற வரைக்கும், மூன்று மாதம், அந்த இல்லத்தில் இருக்கட்டும் என்று பதினான்காம் படுக்கையில் சேர்த்தேன். யார் உதவியும் இல்லாமல் அவள் எழுந்திருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் செய்த பொத்தான், அதனால் எனக்குக் கவலையில்லை என்று அவளிடமே பெருமையடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய சிஸ்டர் போன் செய்தார். அந்தத் தளத்து நர்ஸ்களுக்கெல்லாம் மூத்தவர். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"மேடம், உங்க அம்மா நேத்தும் படுக்கையை நனைச்சுட்டாங்க. இது நாலாவது தடவை. கேட்டா, அழுத்தினேன் யாரும் வரலைங்கறாங்க. நாங்க மூணு பேரும் மேசையிலதான் இருந்தோம். மணியே அடிக்கல. டாக்டர் வேற கேக்கறார். உங்க சிஸ்டம்தானே, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அலுவலகத்திலிருந்தே பதிவைத் திறந்து பார்த்தேன். அம்மா அழுத்தியதாகச் சிஸ்டர் சொன்ன நான்கு நாள், நான்கு நேரம். பதினான்காம் எண்ணிலிருந்து ஒன்றுமே வந்திருக்கவில்லை.

"எதுவும் வரல சிஸ்டர். அழுத்தியிருந்தா கண்டிப்பா பதிஞ்சிருக்கும்."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

அதை எழுத்தில் அனுப்பச் சொன்னார். இரண்டே வரி எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு வரி டாக்டரின் கோப்புக்குள் போய்விட்டது.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நெஜமாவே அழுத்தினியாம்மா?"

"அழுத்தினேன். பச்சை வந்துச்சு. பத்து எண்ணுறவரைக்கும் எரிஞ்சு அணைஞ்சுது."

"பச்சை வந்தா இங்க பதிஞ்சிருக்கணும்மா. பதியல."

"பதியலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அதற்குப் பிறகும் கொஞ்சம் பேசினோம். போனை வைத்தேன். அம்மா மருந்துக் கடையில் முப்பத்தொரு வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். ஒரு நாளும் ஒருவருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை என்பதுதான் அவளுடைய ஒரே கர்வம். அந்த மூளை கரைய ஆரம்பித்துவிட்டதே என்று அழுதேன். நிரலில் தப்பிருக்கும் என்று மட்டும் எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. என் யோக்கியதை அவ்வளவுதான்.

புதன்கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவேன், எழுவேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். மனசுக்குச் சமாதானம் வேண்டுமே என்று மேசையில் ஒரு சோதனைப் பெட்டியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். டக் டக். திரையில் வரி வந்தது. டக் டக். வந்தது. நான் எதையும் இரண்டு தடவை அழுத்துகிறவள். லிஃப்டானாலும் சரி, அடுத்த வீட்டு அழைப்புமணியானாலும் சரி. ஒரு தடவை அழுத்திவிட்டுச் சும்மா நிற்க என் விரலுக்குத் தெரியாது. என்னைப் போல அவசரக்காரர்கள் அழுத்தித் தள்ளினால் மேசையில் மணி ஓயாது என்பதால், ஒரே படுக்கையிலிருந்து அரை நிமிடத்துக்குள் எத்தனை செய்தி வந்தாலும் ஒரே வரியாகப் பதிகிற மாதிரிதான் எழுதியிருந்தேன்.

"அக்கா, அதை விட்டுருங்க. பொத்தான் என்ன பாவம் பண்ணுச்சு" என்றான் ஈயம்.

"வேலை செய்யுதுடா. ஒவ்வொரு தடவையும் வேலை செய்யுது."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?"

பெட்டி ஒழுங்காக வேலை செய்யச் செய்ய, அம்மா இன்னும் ஒரு படி மேலே போய்க்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, பெரிய சிஸ்டர் எனக்கு அனுப்பியிருந்த ஒரு படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "இதெல்லாம் வேற எழுதி வச்சிருக்காங்க, பாருங்க" என்று வருத்தமாக அனுப்பியது. காலி மருந்துப் பெட்டியைப் பிரித்து அதன் உட்பக்கத்து வெள்ளையில் அம்மா எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அதை நான் கண்ணால் மேய்ந்ததோடு சரி. ஞாபகம் தப்புகிறவர்கள் இப்படித்தான் எதையாவது கிறுக்குவார்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். இப்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"வியாழன் 2.10. ஒரு தடவை. பச்சை வந்தது. 2.50 வரை பார்த்தேன். வரவில்லை." அடுத்து சனி. அடுத்து ஞாயிறு. அடுத்து திங்கள். நான்கு வரி. நான்கிலும் "ஒரு தடவை" என்பதற்குக் கீழே கோடு. நோயாளிக்கு மாத்திரை உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதி அடிக்கோடிடுகிற அதே கோடு. கிறுக்குகிறவள் கை அப்படி இருக்காது.

அம்மா எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். ஒரு தடவைதான் கேட்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு மணி அடித்துவிட்டு ஓரமாக நிற்பாள். "அடுத்தவங்களுக்கும் காது இருக்கு" என்று என்னைத் திட்டுவாள். எனக்கு அவளோடு வெளியே போவதே அலுப்பு.

சரி, அவள் எழுதியிருப்பது நிஜம் என்று வைத்துக்கொள்வோம் என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன். அவள் செய்ததை அப்படியே செய்து பார்க்க வேண்டும். நான்குமே சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுகிற நேரம். அதற்கு முன்னால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் அந்தப் பொத்தானை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"பத்தே முக்காலிலேர்ந்து இதைத் தொடக் கூடாது" என்று ஈயத்திடம் சொன்னேன்.

"நான் எங்க தொட்டேன்? உங்க கையைக் கட்டிப் போடுங்க."

சொல்லிவிட்டு அவனே பெட்டியை எடுத்துத் தன் மேசைக்குக் கொண்டு போய் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடினான். ஒன்றரை மணி நேரம். நான் மாடிப்படியில் நான்கு முறை ஏறி இறங்கினேன். டீ போட்டேன், ஆறவிட்டேன். கடிக்க நகம் என்று எனக்கு மிச்சம் எதுவும் இல்லை. மணியைப் பார்ப்பதும், மூன்று மணிக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கணக்குப் போடுவதுமாக இருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு டப்பாவை எடுத்தான். அம்மாவைப் போல உட்கார்ந்து, அம்மாவைப் போல ஒரே ஒரு தடவை அழுத்தினேன். இன்னொரு தடவை அழுத்திவிடாமலிருக்கக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பச்சை எரிந்தது. பத்து எண்ணினேன். அணைந்தது.

திரையில் ஒன்றும் வரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஈயம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அம்மாவைப் போல நாற்பது நிமிடம் காத்திருக்கிற பொறுமை எனக்கு ஏது? நான்காவது நிமிடத்தில் இரண்டாவது தடவை அழுத்தினேன். உடனே வரி வந்தது, மணி அடித்தது. முதல் அழுத்தலுக்கு ஒரு தடயமும் இல்லை. ஈயத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

காரணத்தைத் தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுதியவளே தேடினால் எவ்வளவு நேரமாகும். மேசைக் கம்ப்யூட்டர் பழசு, நாற்பது இணைப்பையும் நாள் முழுக்கத் தாங்காது என்று, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கிடக்கிற இணைப்பை அது மூடிவிடும்படி எழுதியிருந்தேன். மூடும்போது, நான் மூடுகிறேன் என்று மறுமுனைக்குச் சொல்லிவிட்டுத்தான் மூடும். அந்தச் சேதி பெட்டிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனால் வந்ததை வாசித்துப் பார்த்தால்தானே தெரியும்? பெட்டியின் வேலை சொல்வது, அதற்கு யாரும் எதையும் சொல்லப் போவதில்லை என்று நினைத்து, வாசிக்கிற வரியை நான் எழுதவே இல்லை. அதனால் பெட்டி இணைப்பு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தது. அழுத்தினால், மூடிப்போன இணைப்பில் செய்தியைப் போட்டுவிட்டுப் பச்சையைக் காட்டியது. அங்கிருந்து, இங்கே யாரும் இல்லை என்று திருப்பி அடித்த பிறகுதான், அடுத்த அழுத்தலில் அதற்கு உறைத்தது. உடனே புதிதாக இணைத்து இரண்டாவது செய்தியை அனுப்பியது.

இரண்டு தடவை அழுத்துகிறவர்களுக்கெல்லாம் என் பொத்தான் வேலை செய்தது. ஒரு தடவை அழுத்திவிட்டு நம்பிக் காத்திருந்தவளுக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

சரி செய்வது பெரிய விஷயமில்லை. அடிக்கடி வாசித்துப் பார்க்க வேண்டும், இருக்கிறாயா என்று இடையிடையே கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும், மேசையிலிருந்து "வந்தது" என்ற பதில் வந்த பிறகுதான் பச்சையைக் காட்ட வேண்டும். பத்திருபது வரி. ஈயத்திடம் சொல்லிவிட்டு இல்லத்துக்குப் போன் செய்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது பதிவுக் குரல். திரும்பச் செய்தேன். அதுவே. சோதனைப் பெட்டியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நான் நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்று நினைப்பு. சிக்னல் ஒவ்வொன்றிலும் போன் செய்து பார்த்தேன். ஒரு தடவை யாரோ எடுத்தார்கள், "டாக்டர்கிட்ட கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்று கத்தினேன், "எந்த டாக்டர்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பெண் தன் குழந்தையை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய சிஸ்டர் மேசையில் இருந்தார். பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"மூணு மணின்னு சொன்னீங்களே."

"காலையிலேயே வந்துட்டார் மேடம். பாத்து முடிச்சாச்சு. நாலு மணிக்கு மேல மாத்திடலாம்" என்றார் சிஸ்டர்.

மூச்சு வாங்க நான் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிய வைக்க ஒரே வழிதான் இருந்தது. ஒன்பதாம் படுக்கை திங்கட்கிழமையிலிருந்து காலி. அந்தப் பொத்தானை மூன்று நாளாக யாரும் தொடவில்லை. சிஸ்டரை மேசையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டரைக் கிட்டத்தட்ட கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போனேன்.

"ஒரே தடவை அழுத்துங்க டாக்டர்."

அழுத்தினார். பச்சை எரிந்தது.

"மணி அடிச்சுதா சிஸ்டர்?" என்று குரல் கொடுத்தேன்.

"இல்லையே. அழுத்துங்க."

டாக்டர் பச்சையைப் பார்த்தார், அணையும் வரைக்கும் பார்த்தார். திரும்ப அழுத்தினார். மேசையில் மணி ஒலித்தது. அவர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய சிஸ்டர் வந்து வாசலில் நின்றார். "புதுசா வர்றவங்க எல்லார்கிட்டயும் நாலு தடவை அழுத்துங்கன்னுதான் நாங்க சொல்லுவோம். இந்தப் பெட்டிங்க அப்படித்தான்னு எங்களுக்குப் பழகிடுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல."

"எங்கம்மாகிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னேன். அது மரியாதையில்லைன்னுட்டாங்க."

டாக்டர் கோப்பை வாங்கித் தாளைக் குறுக்காக அடித்தார், அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "நான் சும்மா எழுதிடல மேடம்" என்றார். "தேதி, கிழமை, கணக்கு எல்லாம் கரெக்டா சொன்னாங்க. எனக்கே சந்தேகமாதான் இருந்துச்சு. கடைசியில பொத்தானைப் பத்திக் கேட்டேன். 'நான் அழுத்தியிருக்க மாட்டேன் டாக்டர், அழுத்தினதா நெனச்சுக்கிட்டிருக்கேன்'னு அவங்களே சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்."

பதினான்காம் படுக்கைக்கு நடந்தேன். இருபது அடி இருக்கும். அதுவரை ஓடிய கால் அப்போதுதான் தயங்கியது.

அம்மா ஜன்னலோரத்து நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். துணிமணியெல்லாம் பையில் அடுக்கியாகிவிட்டது. பேனாவைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள், மேலே அனுமதிக்க மாட்டார்கள் என்று.

"நீ ஏன் வேலையை விட்டுட்டு வந்த? நானே போயிருப்பேனே."

"நீ எங்கயும் போகலம்மா. பொத்தான்ல தப்பு. நான் எழுதினதுல தப்பு. நீ அழுத்தினது நெஜம்தான். நாலு தடவையும் நெஜம்."

அவள் சந்தோஷப்படுவாள், இல்லை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தினேனா?"

"அழுத்தினம்மா. அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட அழுத்தலைன்னு சொன்ன? உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீ கண்டிப்பா இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கன்னு சிஸ்டர் காட்டினாங்க. நீ பாக்காம எழுத மாட்டியே. அப்ப என் மேலதான் தப்பிருக்கும்னு விட்டுட்டேன்."

பையைத் திறந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினேன். ஏதாவது செய்துகொண்டிருந்தால் அழாமல் இருக்கலாம்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா. "எது நெஜம், எது நானா நெனச்சுக்கிட்டதுன்னு ரெண்டு நாளா குழம்பிப் போயிருக்கேன். நீதான் சொல்லணும். செவ்வாய்க்கிழமை போன்ல பேசினோமே."

செவ்வாய்க்கிழமை பேசியதை மேலே நான் முழுதாக எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு முழுதும் ஞாபகம் இருந்தது. வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"'நான் ஓடி வரணும்னுதானே வேணும்னே நனைக்கற'ன்னு கேட்ட. அது நீ சொன்னதா? இல்ல அதுவும் நானா கற்பனை பண்ணிக்கிட்டதா?"

கற்பனை என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணால் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றுகூட எனக்குத் தோன்றியது. மடித்த புடவையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னதுதாம்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு மேசைமேலிருந்த பேனாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "அப்ப எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."